தமிழில் கேம் வசனம் எழுதப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

2023 ஆகஸ்டிலிருந்து 2024 பிப்ரவரி வரை ஒரு மொபைல் கேம் ஸ்டூடியோவுக்குத் தமிழ் வசனம் எழுதினேன். மொத்தம் 41,600 வார்த்தை. கைக்கு வந்தது 13,185 ரூபாய். நோட்டீஸ் போயிருப்பதால் ஸ்டூடியோவின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்பதைச் சொல்லலாம். இதே மாதிரி அழைப்பு இன்னும் பலருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

லிங்க்ட்இன்னில்தான் ஆரம்பித்தது. "உங்க சிறுகதைகள் படிச்சேன் மேம், ரொம்ப நல்லா இருந்துது. சின்னதா ஒரு டெஸ்ட் மட்டும் எழுதிக் கொடுங்க" என்றார் அங்கிருந்த புரொட்யூசர். சின்னது என்பது 1,500 வார்த்தை. கோவில் வாசலில் நடக்கும் ஒரு காட்சி, கேம் ஆடுபவர் எடுக்கும் முடிவைப் பொறுத்து மூன்று கிளை. சம்பளம் கிடையாது. மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், தேர்வானேன், சந்தோஷப்பட்டேன்.

அக்டோபரில் அடுத்த எக்செல் ஷீட் வந்தது. கோவில் காட்சிக்கு அடுத்த சந்தைக் காட்சி அதில் ஏற்கெனவே எழுதி நிரப்பியிருந்தது. "இது முடிஞ்சுது, இதுலேருந்து தொடருங்க" என்று குறிப்பு. படித்துக்கொண்டே வந்தேன். காய்கறிக்காரம்மா பேசும் ஒரு வரி: "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா சோலியப் பாத்துட்டுப் போல." எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திருநெல்வேலியில் இருக்கும் என் தோழி பேசுவது அப்படியேதான் இருக்கும். உடனே போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "ஏட்டி, அது நான் எழுதுனதுல்லா! டெஸ்ட்டுன்னு கேட்டாங்க. அப்புறம் செலக்ட் ஆகலன்னு மெயில் போட்டுட்டாங்க" என்றாள்.

ஆளுக்கொரு காட்சியை டெஸ்ட் என்று கொடுத்து, கேமின் முதல் அத்தியாயத்தையே காசில்லாமல் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவளைத் தவிர இன்னும் எத்தனை பேர் என்று தெரியாது. அன்றைக்கே நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே, பாதியில் விட்டால் வந்தவரைக்கும் உள்ள பணமும் போய்விடுமே என்று பயந்து தொடர்ந்தேன். அவளிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

இனி ரேட். வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்று பேசினார்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கதைகளுக்குக் குறைந்தபட்சம் என்று 2019 செப்டம்பரில் வைத்தது வார்த்தைக்கு 8 சென்ட், நான் எழுதிய சமயத்து மதிப்பில் ஆறரை ரூபாய்க்கு மேல். அது பத்திரிகைக் கதைக்கான கணக்கு, கேமுக்கானது இல்லை. இந்திய ஸ்டூடியோ அதைத் தரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு ரூபாய் குறைவு என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். தெரியாமல் போனது, எதை ஒரு வார்த்தை என்று எண்ணுவார்கள் என்பது.

அந்தக் கேமுக்கு ஆங்கில வசனம் எழுதியவருக்கும் வார்த்தைக்கு அதே ஒரு ரூபாய்தான். ஆங்கிலத்தில் ஐந்து வார்த்தையில் எழுதுகிற விஷயத்தைத் தமிழில் "முன்னாடியே வந்திருக்கணும்" என்று இரண்டில் முடித்துவிடுவோம். அவருக்கு ஐந்து ரூபாய், எனக்கு இரண்டு. அதற்கு மேல், நான் "வந்து கொண்டு இருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அவர்களுடைய பிழைதிருத்துநர் அதை "வந்துகொண்டிருக்கிறேன்" என்று சேர்த்துவிடுவார். சேர்த்து எழுதுவது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வார்த்தையை எண்ணியது திருத்தத்துக்குப் பிறகு. மூன்று ரூபாய் வரி ஒரு ரூபாய் வரியாகிவிட்டது.

ஒரே வசனம் இரண்டு கிளைகளில் வந்தால் ஒரு தடவைதான் கணக்கு என்று 7,000 வார்த்தையைக் கழித்தார்கள். அது எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் பொருந்துகிற மாதிரி எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். காவலாளி, மீன்காரர், படகுக்காரர் எல்லாம் ஆடுபவர் பக்கத்தில் வரும்போது கத்துகிற ஒற்றை வரிகள் 3,100 வார்த்தை இருந்தன. அவை "பேக்கேஜோடு சேர்ந்தது" என்றார்கள். "யார்றா அது?" என்பதை ஒரே காவலாளி பத்து விதமாகக் கேட்க வேண்டும், பத்தும் அலுக்காமல் இருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேலை.

ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் 45 எழுத்து வரம்பு வேறு. நமக்கு "வணக்கம்" ஐந்து எழுத்து. எக்செல் புள்ளியையும் தனியாக எண்ணி ஏழு என்று சொல்லும். கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் இதே கதி. நம் கணக்குப்படி முப்பது எழுத்துகூட வராத வரி சிவப்பாகித் திரும்பி வரும். நூற்றுக்கணக்கான வரிகளை இப்படி மூன்று மூன்று தடவை எழுதினேன். திருத்தத்துக்குத் தனிக் காசு இல்லை என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது, எத்தனை தடவை என்பது இல்லை.

கடைசியில் அவர்கள் கணக்கில் 29,300 வார்த்தை. பாதிப் பணம் எழுதிக் கொடுத்தவுடன், மீதி "தமிழ்ப் பதிப்பு வெளியானதும்". ஆங்கிலப் பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளியாகிவிட்டது. தமிழ் "அடுத்த அப்டேட்டில் வரும் மேம்" என்ற பதிலோடு நிற்கிறது. வந்த பாதியில், அதாவது 14,650 ரூபாயில், டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, என்று 1,465 பிடித்தார்கள். வரி தாக்கல் செய்யும்போது நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தேன். என் பான் எண்ணில் அப்படி ஒரு பணமே கட்டப்படவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் அந்த நிதியாண்டில் 30,000 ரூபாய் தாண்டினால்தான் பிடித்தமே தேவை என்று ஆடிட்டர் சொன்னார். என் மொத்தக் கணக்கே அதற்குள்தான். நாட்குறிப்பில் எழுதி வைத்த நேரத்தைக் கூட்டினால் 260 மணி. மணிக்கு 51 ரூபாய்கூடத் தேறவில்லை.

அப்போதே உத்யம் என்ற அரசுத் தளத்தில் சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டத்தின் கீழ் போயிருக்கலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அதற்கான அரசின் சமாதான் இணையதளத்தில் அப்போது புகார் போட்டிருக்கலாம். தனியாக எழுதிக் கொடுக்கிறவர்களும் சேவை என்ற வகையில் பதியலாம், கட்டணம் இல்லை, ஆதாரும் பானும் போதும். வேலைக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும், பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்குச் செல்லுவது கஷ்டம் என்றார் வக்கீல். நான் பதிந்தது 2024 மே மாதம். நீங்கள் இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

இப்போது வேறு ஓர் இடத்தில் காட்சிக்கு இவ்வளவு என்று பேசி எழுதுகிறேன். ஒற்றை வரிகளுக்குத் தனி ரேட், இரண்டு திருத்தம் வரை இலவசம், எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து 30 நாளில் பணம், வெளியீட்டோடு முடிச்சுப் போடுவதில்லை. டெஸ்ட் என்றால் 300 வார்த்தை, அதுவும் அவர்கள் கேமில் இல்லாத காட்சி. இதைக் கேட்டதும் இரண்டு ஸ்டூடியோக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒன்று ஒப்புக்கொண்டது.

தோழியின் விஷயத்தில் மட்டும் எங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாக எழுதியவர்தான் எழுத்துக்கு முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காமல் அது இன்னொருவர் கைக்கு மாறாது. அவளுக்கு வந்த டெஸ்ட் பிடிஎஃப்பிலோ மெயிலிலோ அப்படி ஒரு வரிகூட இல்லை. சந்தைக் காட்சி இன்றைக்கும் அவளுடையது. அதையும் சேர்த்துத்தான் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

பழங்காலத் துறைமுக நகரம், கோவில் வாசல், சந்தை, படகுத்துறை. இந்தக் காட்சிகளில் ஏதாவது ஒன்று உங்களுக்கு டெஸ்ட்டாக வந்திருந்தால், எந்தக் காட்சி, எந்த மாதம் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மெயிலை அழித்துவிடாதீர்கள்.