டிஎல்எஸ்ஸை எங்கே அவிழ்ப்பது? ரிவர்ஸ் ப்ராக்ஸியில் மூன்று வழிகள்

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பது பிரவுசருக்கும் பேக்எண்டுக்கும் (அப்ளிகேஷன் ஓடும் சர்வர்) நடுவே நிற்கும் சர்வர். பிரவுசர் டிஎல்எஸ் முறையில் குறியாக்கம் செய்து அனுப்பும் இணைப்பை அந்த ப்ராக்ஸியிலேயே அவிழ்க்கலாம். அவிழ்த்து, மறுபடி குறியாக்கி பேக்எண்டுக்கு அனுப்பலாம். தொடாமல் அப்படியே கடத்தியும் விடலாம். ப்ராக்ஸியும் பேக்எண்டும் ஒரே கணினியில் இருந்தால் முதல் வழியே போதும். நடுவில் நெட்வொர்க் வந்துவிட்டால் இரண்டாவது. மூன்றாவதை, ப்ராக்ஸி உள்ளடக்கத்தைப் பார்க்கவே கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

ப்ராக்ஸியில் அவிழ்க்கும்போது, தளத்தின் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழ் ஒரே இடத்தில் இருக்கும். அதைப் புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி மென்பொருளை ரீலோட் செய்ய மறக்கக் கூடாது. அதுவரை நினைவகத்தில் உள்ள பழைய சான்றிதழே போய்க்கொண்டிருக்கும். இந்த வழியில் அடிக்கடி வரும் தொல்லை முடிவில்லாத ரீடைரக்ட். பேக்எண்டுக்கு வருவது வெறும் எச்டிடிபி என்பதால், அது 301 (நிரந்தர ரீடைரக்ட்) கொடுத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகச் சொல்கிறது. பிரவுசர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. பிரவுசர் வந்தது எச்டிடிபியிலா எச்டிடிபிஎஸ்ஸிலா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை ப்ராக்ஸி அனுப்ப வேண்டும், அதை நம்பும்படி அப்ளிகேஷனுக்கும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் சுழல் நிற்காது. நோட்.ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கில் இதற்கு 'டிரஸ்ட் ப்ராக்ஸி' அமைப்பு இருக்கிறது; அது இல்லாவிட்டால் செக்யூர் குக்கி (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் செல்லும் குக்கி) அனுப்பப்படாமல் லாகின் நிலைக்காது. வெளியிலிருந்து எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்ற பெயரில் வரும் ஹெடரை ப்ராக்ஸி கட்டாயம் மேலெழுத வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம்.

மறுகுறியாக்கத்தில் பலர் ஏமாறும் இடம் சரிபார்ப்பு. என்ஜின்எக்ஸ் பேக்எண்டின் சான்றிதழை இயல்பாகச் சரிபார்ப்பதில்லை. குறியாக்கம் நடக்கும், ஆனால் மறுமுனையில் யார் என்பது தெரியாது. சரிபார்ப்பை ஆன் செய்து, நம்பும் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கோப்பைக் கொடுங்கள். எஸ்என்ஐ (எந்தத் தளத்துக்கான இணைப்பு என்று டிஎல்எஸ் தொடக்கத்திலேயே சொல்லும் பெயர்) அனுப்புவதும் இயல்பாக ஆஃப்தான். அதையும் ஆன் செய்யுங்கள். அப்ஸ்ட்ரீம் தொகுதிக்கு (பேக்எண்டுகளின் பட்டியல்) ஒரு பெயர் வைத்து அதற்கே அனுப்பினால், சான்றிதழில் அந்தப் பெயரைத்தான் தேடும். கிடைக்காமல் 502 பிழை வரும். எதிர்பார்க்கும் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டால் சரியாகிவிடும். இன்னொரு ப்ராக்ஸி மென்பொருளான எச்ஏப்ராக்ஸி இதில் கறார்: சிஏ கோப்பும் கொடுக்காமல், சரிபார்ப்பு வேண்டாம் என்றும் வெளிப்படையாக எழுதாமல் விட்டால் தொடங்கவே மறுக்கும். அந்தக் கறார்த்தனம் நல்லது.

கடத்திவிடும் வழியில், டிஎல்எஸ் கைகுலுக்கலின் (இணைப்பைத் தொடங்கும் பரிமாற்றம்) முதல் செய்தியிலுள்ள எஸ்என்ஐ பெயரை மட்டும் பார்த்து ப்ராக்ஸி திசை பிரிக்கிறது. யுஆர்எல் பாதையை வைத்துப் பிரிக்க முடியாது, கேஷ் கிடையாது, ஹெடர் சேர்க்கவும் முடியாது. பயனரின் ஐபி வேண்டுமென்றால் இணைப்பின் தொடக்கத்தில் அந்த ஐபியைச் சேர்த்து அனுப்பும் ப்ராக்ஸி ப்ரோட்டோகாலை, ப்ராக்ஸி, பேக்எண்ட் என இரு பக்கமும் சேர்ந்தே ஆன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் இணைப்பே அறுந்துவிடும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் இங்கே உண்டு. இரண்டு துணைத்தளங்கள் ஒரே ஐபியில், ஒரே வைல்டுகார்டு சான்றிதழோடு (எல்லாத் துணைத்தளங்களுக்கும் பொதுவானது), வெவ்வேறு பேக்எண்டுகளில் இருந்தால், எச்டிடிபி/2 பேசும் பிரவுசர் திறந்திருக்கும் இணைப்பையே இரண்டாவது தளத்துக்கும் பயன்படுத்தலாம். கோரிக்கை தவறான பேக்எண்டில் போய் விழும். அந்த பேக்எண்ட் 404 (பக்கம் இல்லை) தராமல் 421 (தவறான இடத்துக்கு வந்த கோரிக்கை) தந்தால் பிரவுசர் புது இணைப்பில் மறுபடி முயலலாம். ஒவ்வொரு துணைத்தளத்துக்கும் தனிச் சான்றிதழ் வைத்தால் சிக்கல் எழவே எழாது.