ஏர் ரைபிளுக்கு எந்த ஸ்கோப்? தூரம் அளக்க லேசரா, டேப்பா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல்கோடியில், முன்பு மண் எடுத்த இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சரிவு ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் குறி வட்டங்கள் போட்ட அட்டையை நட்டுவைத்து நானும் என் மைத்துனரும் ஏழு வருடங்களாக ஏர் ரைபிள் பழகுகிறோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய், அரை நாள் சுட்டுவிட்டு இறங்குவோம். இந்த ஏழு வருடங்களில் துப்பாக்கியைவிட அதன்மேல் மாட்டும் கண்ணாடிக்குத்தான் அதிகம் செலவழித்தோம். அதில் பாதி வீண். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது அட்டையைச் சுடுகிறவர்களுக்கான அலசல். துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும், லேசரால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் வேட்டைக்காக வளர்ந்த கருவிகள். விளம்பரங்களிலும் மானும் பன்றியும்தான் நிற்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை. அதனாலேயே, அதைக் கொண்டு கௌதாரியையும் முயலையும் அடித்தால் குற்றமில்லை என்று நம்புகிறவர்களை இந்த மலையிலேயே பார்த்திருக்கிறேன். குற்றம்தான். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர்கன்களை மக்களே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. விளையாட்டாகச் சுட்டே காடு பறவையற்றுப் போய்விடும் என்ற கவலைதான் காரணம். ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடிப்பதைக் கேட்டுக்கொண்டே மலையேறுகிறவன் நான். அந்தக் கவலை எனக்கும் உண்டு.

சரி, ஸ்கோப்புக்கு வருகிறேன். கடையில் பெரும்பாலும் இரண்டு வகைகளை எடுத்து வைப்பார்கள். ஒன்று 3-9×40 வேட்டை ஸ்கோப். மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். மற்றொன்று ஏர் ரைபிளுக்கென்றே செய்த 4-12×40. இதன் முன்முனையில் தூரத்துக்கு ஏற்பத் திருப்பும் ஒரு வளையம் இருக்கும்.

முதல் வகை அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் நெடுநாள் துணை. எடை குறைவு, பார்வை விரிந்திருக்கும். ஆனால் அதன் குவியத்தைத் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்கு, நிலையாக அமைத்துவிடுகிறார்கள். நாம் சுடுவதோ 15 முதல் 40 மீட்டருக்குள். ஒன்பது மடங்கில் வைத்து 15 மீட்டர் அட்டையைப் பார்த்தால் வட்டங்கள் கலங்கித் தெரியும். கலங்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கண்ணைச் சற்று நகர்த்தினாலே ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு அட்டையின்மேல் வழுக்கி நகர்வதுதான் பெரிய தொல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் ஒரு நிமிடம் தள்ளித் தெரியுமே, அதே கோளாறு. கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிக்கத் தெரிந்தவருக்கு இது சிறிய தொந்தரவு. மற்றவர்களுக்கு எங்கே பிழை என்றே தெரியாமல் ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) காலியாகும். வளையம் உள்ள ஸ்கோப்பில் 15 என்ற எண்ணுக்குத் திருப்பினால் படமும் தெளியும், கோடும் நிற்கும்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஸ்பிரிங் துப்பாக்கி. வெடிமருந்து ரைபிள் பின்னோக்கி மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது மொத்தமும் முன்னே வெட்டி இழுக்கும். ஒரே சூட்டில் இரண்டு திசைகளிலும் அடி. பின்னுதையைத் தாங்குவதற்காக மட்டும் கண்ணாடிகளை இறுக்கியிருக்கும் ஸ்கோப் இந்த முன்னிழுப்பில் உள்ளுக்குள் தளர்ந்துவிடும். என் முதல் ஸ்கோப் அப்படித்தான் போனது. பெரிய ரைபிளின் உதையைத் தாங்கும் என்று சொல்லி விற்றார்கள்; நானூறு சூடு தாங்கவில்லை. குறி நாளுக்கொரு பக்கம் போனது. என் கைதான் கெட்டுவிட்டது என்று இரண்டு மாதம் மனம் நொந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மைத்துனர் அதைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். “மாமா, உள்ளே ஏதோ கலகலக்கிறது” என்றார். விற்ற கடை கைவிரித்துவிட்டது. ஆகவே வாங்கும்போது ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் பி.சி.பி. துப்பாக்கி உங்களுடையது என்றால் இந்தக் கவலை இல்லை. அதில் உதையே இல்லை என்று சொல்லலாம்.

வேட்டை ஸ்கோப் வெல்லும் இடம் ஒன்று உண்டு: குறைந்த மடங்கில் கிடைக்கும் வெளிச்சம். முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். பன்னிரண்டு மடங்கில் அது 3.3 மில்லிமீட்டர்தான். சில்வர் ஓக் நிழலில், மாலை ஐந்து மணிக்கு மேல், படம் மங்கிப்போகும். ஆனால் எட்டுக்குக் குறைத்தால் 5 மில்லிமீட்டர் கிடைக்கிறது; அது எனக்குப் போதும். ஆகவே இந்த ஒரு குறைக்காக நான் 3-9ஐத் தேர்ந்தெடுக்க மாட்டேன். மலிவு விலை 6-24×50 ஸ்கோப்புகளை எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல மாட்டேன். கனம் அதிகம், மடங்கு ஏற ஏறப் படம் நடுங்கும், 40 மீட்டருக்கு அத்தனை பெருக்கம் தேவையும் இல்லை.

மாட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் துப்பாக்கியின் அதிர்வில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் சிறிது சிறிதாகப் பின்னே நகரும். இரண்டு தனி வளையங்களைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட் நல்லது. அதன் அடியில் இருக்கும் தடுப்பு முளை துப்பாக்கியின் குழியில் இறங்கியிருக்க வேண்டும். குறி சரிசெய்வதை 10 மீட்டரில் தொடங்கி, பெல்லட் அட்டையில் விழுகிறது என்று உறுதியான பிறகு 25 மீட்டருக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறி கால் எம்.ஓ.ஏ. நகரும் (எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்); 20 மீட்டரில் அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறது என்றால் இருபது கிளிக். ஒரு சூட்டை வைத்துத் திருப்பாதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவை வைத்துத் திருப்புங்கள்.

இனி தூரம். இது ஏன் தேவை என்பதற்கு என் கணக்கைச் சொல்கிறேன். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட், குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே ஸ்கோப், 25 மீட்டரில் குறி. இப்படி வைத்தால் 15 முதல் 25 மீட்டர் வரை பெல்லட் பார்வைக் கோட்டிலிருந்து அதிகம் விலகாது. 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குள் தாழும். 35 மீட்டரில் நாலு சென்டிமீட்டர், 40 மீட்டரில் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு விழுந்துவிடும். அதாவது முப்பது மீட்டரைத் தாண்டிய பிறகுதான் தூரம் தெரியாதவருக்குத் தண்டனை.

மூன்று வழிகளை முயன்றோம். சில நூறு ரூபாய்க்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நார் டேப். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் லேசர் மீட்டர். மைத்துனர் வாங்கிய வேட்டை ரேஞ்ச்ஃபைண்டர். கட்டட மீட்டர் மில்லிமீட்டர் கணக்கில் துல்லியம், ஆனால் அதன் சிவப்புப் புள்ளி வெயிலில் 15 மீட்டர் தாண்டினால் கண்ணுக்கே தெரியாது. தோட்டத்துக்கு உதவாது.

ரேஞ்ச்ஃபைண்டர் கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு மீட்டருக்குப் போய்வர ஒளிக்கு ஏழு நானோ நொடிகூட ஆகாது. அவ்வளவு சிறிய நேரத்தை அளப்பதால் சாதாரணக் கருவிகளில் ஒரு மீட்டர் முன்பின் இருக்கும். அது நமக்கு அரை சென்டிமீட்டர் பிழைதான், பொறுக்கலாம். பொறுக்க முடியாதது பனிமூட்டம். நவம்பர், டிசம்பர் காலையில் ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் கருவி பனியையே அளந்து, அட்டை 9 மீட்டரில் இருக்கிறது என்று காட்டும். காபிச் செடியின் குறுக்குக் கிளையும் இப்படித்தான் ஏமாற்றும். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கான கருவி முன்னால் இருக்கும் பொருளையே தேர்ந்தெடுக்கும். கொடிக்கம்பத்தை அளப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வேட்டைக் கருவியில், புதரைத் தாண்டிக் கடைசியில் இருப்பதை அளக்கும் முறையும் இருக்கும். தோட்டத்தில் சுடுகிறவர் விலை குறைவு என்று கோல்ஃப் கருவியை வாங்கிவிடக் கூடாது.

சமமான இடத்தில், 40 மீட்டருக்குள், டேப்பை எந்த லேசரும் வெல்லாது என்பது என் முடிவு. ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு பள்ளத்துக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும் இடம் இருக்கிறது. அங்கே டேப்பை இழுக்க முடியாது. இழுத்தாலும் அது சரிவின் நீளத்தைத்தான் காட்டும். பெல்லட்டின் வீழ்ச்சி கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் இருந்தால் 35 மீட்டர் என்று நினைத்துச் சுட வேண்டும். சாய்வையும் கணக்கில் எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் அந்த எண்ணை நேராகவே காட்டிவிடுகிறது. அந்த ஓரிடத்தில் மைத்துனரின் செலவு நியாயம்தான். சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் சுடுகிறவருக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்று: கீழே சரிசெய்த குறியை மேலே அப்படியே நம்ப வேண்டாம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. காற்று அடர்த்தி குறைவு, குளிரும் சேர்கிறது. வித்தியாசம் சிறிதாக இருக்கலாம். வண்டியில் குலுங்கி வந்ததில் மவுண்ட் திருகு தளர்ந்திருக்கவும் கூடும். ஏறியதும் முதல் ஐந்து பெல்லட்டை அதற்கென்றே ஒதுக்குகிறோம். சமதளத்தில் ஒருமுறை டேப்பால் அளந்து, 10 முதல் 40 வரை ஐந்தைந்து மீட்டருக்குச் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றைப் புதைத்துவிட்டோம். மழைக்குப் பிறகு சுண்ணாம்பை மட்டும் புதுப்பித்தால் போதும்.