அமிர்தசரஸ் குரு ராம்தாஸ் லங்கர்: உண்ணவும் ஊழியம் செய்யவும் ஓர் இடம்

சீக்கியர்களின் அமிர்தசரஸ் பொற்கோயிலில் உள்ள லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். நாள்தோறும் 50,000 முதல் 1 லட்சம் பேர் வரை, சாதி மத வேறுபாடின்றி, இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அங்கே உண்கிறார்கள் என்பது வியக்கத்தக்கதுதான். ஆயினும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர் அந்த இடத்தில் பாதியை மட்டுமே காண்கிறார். அங்கே சில மணி நேரமாவது வேலை செய்ய விரும்புகிறவர்களுக்காகவே இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் உணவு. ரொட்டி, பருப்பு, ஒரு காய்கறிக் கூட்டு, பால் பாயசமாகிய கீர்: இவையே வழக்கமான பந்தி. காரத்துக்குப் பழகிய நம் நாவுக்குப் பருப்பு சற்று மந்தமாகத் தோன்றலாம். கையால் இட்ட ரொட்டி மிருதுவாக இருக்கிறது. கூட்டம் பெருகும் நாள்களில் இயந்திரம் மணிக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளும் ரொட்டி ஆறினால் வறண்டுவிடுகிறது. கீருக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. சீக்கியர்களின் இரண்டாம் குருவான அங்கதரின் துணைவியார் மாதா கீவி, நெய் கலந்த கீரை லங்கரில் பரிமாறியதைச் சீக்கியர்களின் மறைநூலாகிய குரு கிரந்த சாகிபே புகழ்ந்து பேசுகிறது. ஒரு சமையற்கட்டின் பணி மறைநூலில் இடம்பெற்றிருப்பதை நினைத்துக்கொண்டு உண்டால் அதன் சுவை இன்னும் கூடும். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் பெற வேண்டும். ஒரு கையை நீட்டுகிறவரைப் பரிமாறுபவர் புன்னகையோடு திருத்துவார். எல்லோரும் தரையில் ஒரே வரிசையில்தான் அமர வேண்டும். மூன்றாம் குரு அமர்தாஸைக் காண வந்த பேரரசர் அக்பரும் அவ்வாறு பந்தியில் அமர்ந்து உண்ட பிறகே அவரைச் சந்தித்தார் என்று சீக்கிய மரபு கூறுகிறது.

இனி, வேலை. பெயர்ப்பதிவும் இல்லை, பரிந்துரையும் தேவையில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அருகில் போய் அமர்ந்தால், யாராவது ஒருவர் கத்தியை நம் பக்கம் நகர்த்தி வைக்கிறார், அவ்வளவுதான் நியமனம். முதியவர்களுக்கும் குழந்தைகளுடன் வருபவர்களுக்கும் இதுவே ஏற்றது, பேச்சுத்துணைக்கும் பஞ்சமில்லை. ரொட்டி தேய்க்கும் இடத்தில் பெரும்பாலும் கைதேர்ந்த பெண்களே இருக்கிறார்கள். நாம் கோணலாகத் தேய்த்ததை ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்து மீண்டும் வட்டமாக்கிவிடுகிறார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடியே பரிமாறுவதற்கு முதுகில் வலு வேண்டும். கடினமானது, ஆள் அதிகம் தேவைப்படுவது, பாத்திரம் கழுவும் பகுதி. எஃகுத் தட்டுகள் ஓயாமல் மோதும் ஓசையில் அருகில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. முழங்கை வரை நனைந்துவிடும். ஒரே தட்டு பல தொட்டிகளில், பல கைகளால் திரும்பத் திரும்பக் கழுவப்பட்டே பந்திக்குத் திரும்புகிறது.

இறைவன் தனக்கென்று ஒரு பெரும்பணியை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று நம்பி, அது எது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு நான் இந்தத் தொட்டியைத்தான் பரிந்துரைப்பேன். இங்கே கைக்கு வருவது முன்பின் அறியாத ஒருவரின் எச்சில் தட்டு. அதை நாம் கழுவாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கழுவுவார். நாம் விலகினால் அந்த இடத்தில் மறுகணமே வேறொருவர் நிற்பார். நாம் இல்லாமலும் நடந்துவிடும் ஒரு வேலையை முழு மனத்தோடு செய்வது, நாம் இல்லாவிட்டால் நடக்காது என்று எண்ணும் வேலையைச் செய்வதைவிட மிகவும் கடினமாக இருக்கிறது. நன்றி சொல்லவோ பெயரைக் கேட்கவோ அங்கு எவருக்கும் நேரமில்லை, அதை நான் அந்த இடத்தின் சிறப்பாகவே கருதுகிறேன்.

இம்மரபின் வேர் ஆழமானது. அமர்தாஸ் அறுபது வயதைக் கடந்த பிறகு, தம்மைவிட வயதில் இளையவரான குரு அங்கதருக்கு நாள்தோறும் விடியற்காலையில் குடம் சுமந்து நீர் கொண்டுவரும் பணியைப் பல ஆண்டுகள் செய்தார் என்பது சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 1552இல் அவரே குருவானார். இதே வேலைகள் தண்டனையாகவும் வழங்கப்படுகின்றன என்பதை வெளியூர்க்காரர்கள் பலர் அறிவதில்லை. சமய நெறி தவறியவர்களுக்குச் சீக்கியர்களின் உயரிய சமயப் பீடமான அகால் தக்த் விதிக்கும் தன்கா என்னும் தண்டனையில் காலணி துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அடங்கும். 2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதலமைச்சர் சுக்பீர் சிங் பாதலுக்கும் பாத்திரம் கழுவும் பணி விதிக்கப்பட்டது. ஒருவர் விரும்பி வந்து செய்வதை இன்னொருவர் தன் செருக்கு கரைவதற்காகச் செய்கிறார், தொட்டியோ ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. இரண்டு பூண்டை உரித்துப் படம் எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் எண்ணிக்கை பெருகிவிட்டது. கழுவும் பகுதியில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் வழுக்குகிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் கவனமாக நடக்க வேண்டும். மேலும், எல்லாமே தொண்டர்களால் நடப்பதாகப் பரவியுள்ள எண்ணம் முழு உண்மையன்று. கோயிலை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் சம்பளப் பணியாளர்கள்தாம் பெரிய அண்டாக்களையும் அடுப்புகளையும் நாள் தவறாமல் காக்கிறார்கள். அவர்கள் உழைப்பையும் சேர்த்தே இந்தச் சமையற்கூடத்தை மதிப்பிட வேண்டும்.

செல்பவர்கள் தலையை மறைக்கத் துணி கொண்டுபோவது நல்லது. இல்லையெனில் வாயிலிலேயே கிடைக்கும். காலணிகளைக் காப்பகத்தில் கட்டணமின்றி ஒப்படைத்துவிட்டு, கால் நனைத்துக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். புகையிலைக்கும் மதுவுக்கும் அங்கே அறவே இடமில்லை. இந்தி தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சைகையே போதும். விடுமுறை நாள்களில் பூண்டுக் குவியலைச் சுற்றி உட்கார இடம் கிடைப்பது அரிது. நள்ளிரவுக்குப் பின் கழுவும் தொட்டிக்குப் போனால் உடனே வேலை கிடைக்கும்.