13-10: கும்பகோணத்தில் இணையம் அறுந்த இரவு

2024 நவம்பர் 30ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி வாக்கில் பக்கத்து வீட்டு முருங்கையின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்து, தெருக் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒயரை அறுத்துக்கொண்டு போயிற்று. முருங்கையை வாசலில் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது பேய்க்குப் பயந்து அல்ல, காற்றுக்குப் பயந்துதான் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நான்கு வாரம் ஊரில் இருந்தேன். விமானம், ரயில் முன்பதிவு, வாடகைக் கார், வங்கி வேலை எல்லாம் குறையின்றி நடந்தன. ஆயினும் அமெரிக்காவில் நான் வசிக்கும் கொலம்பஸுக்குத் திரும்பியவுடன் எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது அந்த ஓர் இரவைப் பற்றித்தான்.

அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. சென்னை விமான நிலையத்தை மூடியிருந்தார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று மறுநாள் செய்தி வந்தது. அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்த நேரத்தில், கும்பகோணத்தில் வெறும் காற்றும் சாரலுமாக இருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லையே என்று நான் புலம்பியது சற்று வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் புலம்பினேன். அந்த ஆட்டம் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் என்ற இரு பல்கலைக்கழக அணிகளுக்கு இடையிலானது.

2005இல் முதுகலை படிக்கக் கொலம்பஸில் உள்ள ஒஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தவன் நான். இந்த ஆட்டம் நடக்கும் வாரத்தில் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் உள்ள 'எம்' என்ற எழுத்தையெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி மறைப்பார்கள். மிச்சிகன் என்ற பெயரைச் சொல்லாமல் 'வடக்கே இருக்கும் அந்த அணி' என்றுதான் குறிப்பிடுவார்கள். மாமியார் பெயரைச் சொல்லாத மருமகள்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. 2006இல் தேசியத் தரவரிசையில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்த இரு அணிகளும் கொலம்பஸில் மோதி, நாங்கள் 42-39 என்று வென்ற நாளில் நான் அடித்த கூத்தை இன்றும் நண்பர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அப்படிப்பட்டவனுக்கு 2021இலிருந்து தொடர்ந்து மூன்று தோல்விகள். 42-27, 45-23, 30-24 என்ற எண்களை என் வங்கிக் கணக்கு எண்ணைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். 2024இல் எங்கள் அணி இரண்டாமிடத்தில் இருந்தது. மிச்சிகனோ ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்று தரவரிசையிலேயே இல்லாமல் வந்து இறங்கியது. பந்தயக்காரர்கள் ஏறக்குறைய இருபது புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் வெல்வோம் என்று கணித்திருந்தார்கள். கொலம்பஸில் நண்பகல் ஆட்டம், இங்கே இரவு பத்தரை. கொலம்பஸை ஒட்டிய டப்ளின் பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டில் எங்கள் தமிழ்க் கூட்டம் கூடுவதாகவும், டிவிக்கு எதிரே டேப்லெட்டை நிறுத்தி வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டுவதாகவும் ஏற்பாடு.

இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்ததும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண், பழுதுக்கு ஓர் எண் என்று அழுத்தி முடித்தபின், பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக ஒரு குரல் சொன்னது. பதிவாகியிருந்தது என் அப்பாவின் எண். அப்பா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; அந்த சிம்மும் காலாவதியாகிவிட்டது. அதைச் சொன்னபோது, இணைப்பைப் பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். நான் கேட்டது பெயர் மாற்றமல்ல, அறுந்த ஒயரை ஒட்டுவது என்றேன். அதற்கும் மரியாதையாகவே பதில் வந்தது: புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்திற்குள் சரிசெய்யப்படும், தங்கள் பொறுமைக்கு நன்றி. தங்கள் பெயரைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அமெரிக்காவில் இதெல்லாம் இல்லை என்று பீற்றிக்கொள்ளப் போவதில்லை. அங்கேயும் காலை எட்டிலிருந்து நண்பகல் வரை ஆள் வருவார் என்று சொல்லி நம்மை விடுப்பு எடுக்க வைப்பார்கள்; வரமாட்டார்கள்; கெஞ்சிக் கேட்டால் அடுத்த மாதக் கட்டணத்தில் சில டாலர் கழிப்பார்கள். ஆனால் அங்கே எனக்குக் கிடைக்காத ஒன்று இங்கே அம்மாவிடம் இருந்தது. தினசரி நாட்காட்டியின் அட்டையில், பால்காரருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் கீழே, 'நெட் தம்பி' என்று எழுதி ஓர் எண். அந்த நிறுவனத்தை ஏன் கூப்பிட்டாய், இவனைக் கூப்பிட வேண்டியதுதானே என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே இருந்ததில் எண்களை அழுத்தும் பழக்கம் வந்துவிட்டது போலும்.

ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தம்பி மழைக்கோட்டும் தலையில் கட்டிய துண்டுமாக வண்டியில் வந்து இறங்கினார். இருபத்தைந்து வயது இருக்கும். ஒட்டும் இயந்திரத்தைப் பிளாஸ்டிக் தாளில் குழந்தையைப் போல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். திண்ணையில் அமர்ந்து, ஒயரின் மேலுறையை உரித்து, தலைமுடியளவே உள்ள கண்ணாடி இழையைப் பஞ்சால் துடைத்து, முனையை நேராக நறுக்கி, இரண்டு முனைகளையும் இயந்திரத்துக்குள் எதிரெதிராக வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு கம்பங்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒரு பொறியில் ஒன்றாயின. ஏணி ஏறி இறங்கியதையும் சேர்த்து இருபது நிமிடம். பெட்டியில் பச்சை வந்தது. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இந்நேரத்தில் அப்படி என்ன சார் அவசரம் என்று கேட்டார். மேட்ச் என்றேன். கிரிக்கெட்டா என்றார். விளக்கத் தொடங்கியவன், மழையில் அவர் இன்னும் எத்தனை வீடு போக வேண்டுமோ என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

முதல் பாதி 10-10. பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஜெரமையா ஸ்மித், எமேகா எக்பூகா போன்ற பந்து பிடிப்பவர்கள் ஓரங்களில் காத்திருக்க, எங்கள் அணி திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடியது. மிச்சிகனின் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் சுவரைப் போல் நின்ற இடமும் அதுவேதான். காயத்தால் முக்கியத் தடுப்பாளர்கள் இருவரை இழந்திருந்த அணி எந்த நம்பிக்கையில் அங்கே முட்டியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; ஆட்டம் முழுவதிலும் ஓடிச் சேர்த்தது 77 யார்டுதான். எங்கள் அணியில் பந்தை எறியும் வில் ஹோவர்டு எறிந்தவற்றில் இரண்டை எதிரணி பறித்துக்கொண்டது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல்கள் இரண்டு, 38 யார்டிலிருந்தும் 34 யார்டிலிருந்தும் உதைத்தவை, தவறின. டேப்லெட் வழியாக ஆட்டத்தைவிட நண்பர்களின் பெருமூச்சுதான் தெளிவாகக் கேட்டது.

இரவு ஒன்றே முக்கால் மணிக்கு, சமநிலை நீடித்து மிச்சிகன் கையில் பந்து இருந்த நேரத்தில், படம் உறைந்தது. பெட்டியில் மறுபடியும் சிவப்பு. வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தெருவே இருட்டு. கைபேசியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன், ஒரு கோடு சிக்னலுக்காக. மிச்சிகனின் காலெல் மலிங்ஸ் 27 யார்டு ஓடியதையும், 45 நொடிகள் மிச்சமிருக்கையில் 21 யார்டிலிருந்து மிச்சிகன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் 13-10 ஆனதையும் நான் பார்க்கவில்லை. நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் வந்த ஒரே ஒரு சொல்லைத்தான் பார்த்தேன்: 'முடிஞ்சுது.' நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்ட அம்மா பதறிப்போய், யாருக்கு என்ன ஆச்சு என்றார். எங்கள் வீட்டில் அந்நேரத்துச் செய்திக்கு ஒரே அர்த்தம்தான் இருந்து வந்திருக்கிறது. தோற்றுவிட்டோம் என்றேன். அவ்வளவுதானா என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் விடியும்வரை குழுவில் நடந்தது எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயின் மீதான விசாரணை. ஆடுகளத்தின் நடுவே மிச்சிகன்காரர்கள் கொடி நட்டதும், இரு அணியினரும் அடித்துக்கொண்டதும், காவலர்கள் மிளகு ஸ்பிரே அடித்ததும் ஓரிரு செய்திகளோடு ஓய்ந்துபோயின. மதுரைக்கார நண்பர், விடிவதற்குள் அவரை அனுப்பிவிட வேண்டும் என்றார். ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அளவுக்குச் சம்பளம், ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர், இருந்தும் தொடர்ந்து நான்கு தோல்வி. இதற்குமேல் என்ன கணக்கு வேண்டும் என்பது அவர் கேள்வி. பதின்மூன்று ஆண்டுகள் இருந்து மிச்சிகனிடம் பத்து முறை தோற்று, இரண்டே முறை வென்ற முன்னாள் பயிற்சியாளர் ஜான் கூப்பரை 2001 தொடக்கத்தில் அனுப்பிய பிறகுதான் ஜிம் டிரெஸ்ஸல் வந்தார், காலம் மாறியது என்று நினைவூட்டினார். கோயம்புத்தூர்த் தோழி ஒருவர் நிதானமாக, டேயின் மொத்தக் கணக்கு 66 வெற்றி, 10 தோல்வி என்றும், இப்படி ஒருவரை அனுப்பிவிட்டு யாரைக் கூட்டிவருவீர்கள் என்றும் கேட்டார். ஆட்ட உத்தி உதவிப் பயிற்சியாளர் சிப் கெல்லியின் பொறுப்பு, பந்தை உதைத்தது உதைப்பவரின் கால், பறிகொடுத்தது ஹோவர்டின் கை. இதில் தலைமைப் பயிற்சியாளரின் குற்றம் எவ்வளவு என்றார் இன்னொருவர். அப்படியானால் வென்றபோது மட்டும் ஏன் அவர் படத்தைப் போட்டார்கள் என்று மதுரை திருப்பிக் கேட்டது. நானும் அந்த இருட்டில் மதுரைக் கட்சிதான். முட்டிய இடத்திலேயே மீண்டும் முட்டச் சொன்னவர் கெல்லியாகவே இருக்கட்டும்; பாதி ஆட்டம் முடிந்தபின்பும் அதை நிறுத்தாதவர் பெயர் டே.

காலை ஏழரைக்கு நெட் தம்பி தாமாகவே வந்து நின்றார். நேற்றுத் தாம் போட்ட ஜாயின்ட் விட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்ததாகச் சொல்லி, ஏணியை வைத்து ஏறிப் பார்த்தார். ஜாயின்ட்டில் குறையில்லை. இரவு மின்சாரம் போனபின் அவர்களுடைய இணையக் கருவிகள் உள்ள அறையில் இருக்கும் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காமல் இறங்கிவிட்டது. அதை மாற்றச் சொல்லி மூன்று மாதமாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பேட்டரி பழசு என்பது இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது; தெரிந்ததெல்லாம் இவர் எண் மட்டும். ஆகவே காலையிலிருந்து பதினொரு வீட்டில் வசவு வாங்கிவிட்டுப் பன்னிரண்டாவதாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் திட்டத் தயாராகத்தான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டு, உங்க மேட்ச் என்ன ஆச்சு சார் என்றார்.

இந்த முறை முழுவதுமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, உதைத்தவனை விட்டுவிட்டுக் கோச்சையா திட்டுகிறார்கள் என்று வியந்தார். ஒரு கோடி டாலர் எத்தனை ரூபாய் என்று கேட்டு, எண்பது கோடிக்கு மேல் என்றதும், அப்படியென்றால் திட்டலாம் என்று தீர்ப்பளித்தார். தமக்குப் பதினான்காயிரம் என்றார்.

டிசம்பர் 4 அன்று நிறுவனத்திடமிருந்து பதிவுக்குரல் அழைத்து, என் புகார் தீர்க்கப்பட்டதாக அறிவித்து, சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டது. நான்கு நாள் சேர்த்து வைத்த கோபத்தோடு ஒன்றை அழுத்தப் போனேன். அந்த மதிப்பெண் நிறுவனத்துக்கோ முதலாளிக்கோ அல்ல, வேலைக்கு வந்தவர் கணக்கில்தான் ஏறும் என்று தம்பி சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. ஐந்தை அழுத்தினேன். மரியாதையான குரலுக்கும் பேட்டரி வாங்காத கைக்கும் சேர்த்து ஐந்து கொடுத்த கசப்பு இன்னும் போகவில்லை. கொலம்பஸில் ஒரு லட்சம் பேர் ஒரே மூச்சில் பெயர் சொல்லித் திட்ட ஓர் ஆளாவது இருக்கிறார். இங்கே நான் எந்தப் பெயரைச் சொல்வது?

ஜனவரி 20 அன்று டப்ளின் வீட்டில் எல்லோரும் நேரிலேயே கூடியிருந்தோம். தேசியப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு அணிகள் மோதும் புதிய பிளேஆஃப் சுற்றுகளில் டென்னசியை 42-17, ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14 என்று வரிசையாக வீழ்த்தி வந்த அதே அணி, அதே பயிற்சியாளர், நோட்ர டேமை 34-23 என்று வென்று பட்டத்தை எடுத்தார்கள். கோயம்புத்தூர்த் தோழி எதுவும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். மதுரைக்காரர் கைதட்டி முடித்துவிட்டு, எல்லாம் சரி, மிச்சிகனிடம் டேயின் கணக்கு இன்னும் ஒரு வெற்றிக்கு நான்கு தோல்விதானே என்றார். நான் அவர் பக்கமா இவர் பக்கமா என்று கேட்டார்கள். பிரியாணி ஆறுகிறது என்று எழுந்துவிட்டேன்.

இரவு வீடு திரும்பியதும், ஊரில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, நெட் தம்பிக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: "கப்பு ஜெயிச்சுட்டாரா, சந்தோஷம் சார். பேட்டரிதான் இன்னும் மாத்தல."