கப்பல் கரையில் நிற்கும் ஒரு பகலில் ரயிலா, சுற்றுலாப் பேருந்தா? இத்தாலியத் துறைமுகங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

மத்தியதரைக் கடலில் உலா வரும் சொகுசுக் கப்பல்களின் பயண அட்டவணையில் 'ரோம்' என்றும் 'ஃப்ளோரன்ஸ்' என்றும் அச்சிட்டிருந்தாலும், கப்பல் அந்த நகரங்களுக்குப் போவதில்லை. ரோம் என்று எழுதியிருந்தால் சிவிட்டாவெக்கியா என்று படிக்க வேண்டும். அது ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. அங்கிருந்து ஃப்ளோரன்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நேப்பிள்ஸில் மட்டும் கப்பல் நகரின் நடுவிலேயே நிறுத்தப்படுகிறது, ஆனால் அங்கே இறங்குபவர்களில் பலர் தேடிப் போகும், எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய் இன்னும் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்த இடைவெளியைக் கடக்கக் கப்பல் நிறுவனமே விற்கும் பேருந்துச் சுற்றுலா, பலர் சேர்ந்து எடுக்கும் வாடகை வண்டி, உள்ளூர் ரயில் என மூன்று வழிகள் உள்ளன.

விலையை மட்டும் பார்த்தால் ஒப்பிடவே தேவையில்லை. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோமுக்குச் செல்லும் வட்டார ரயிலில் ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 5 யூரோ. கப்பலில் விற்கும் சுற்றுலாவுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பல மடங்கு பணம் வெறும் பேருந்து இருக்கைக்காகப் பெறப்படுவதில்லை. கப்பல் நிறுவனத்தின் பேருந்து சாலை நெரிசலில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அந்தப் பயணிகளை அடுத்த துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனியாக ரயிலில் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. ஆகவே ரயிலா பேருந்தா என்று முடிவு செய்யும்போது, போவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதைவிட, நாம் திரும்ப நினைத்திருக்கும் ரயில் ஓடாமல் போனால் கப்பலை அடைய வேறு எத்தனை வழிகள் மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விடை மாறுகிறது.

சிவிட்டாவெக்கியாவில் விடை ரயிலுக்குச் சாதகமாக இருக்கிறது. ரோமையும் இந்தத் துறைமுகத்தையும் இணைக்கும் ரயில் பாதை, போப்பாண்டவர் அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1859இலேயே திறக்கப்பட்டது. இன்று அதே வழித்தடத்தில் எஃப்.எல்.5 என்ற பெயரில் வட்டார ரயில்கள் பொதுவாக மணிக்கு இரண்டு என்ற கணக்கில் ஓடுகின்றன. இடையிடையே நெடுந்தூர இன்டர்சிட்டி ரயில்களும் நிற்கின்றன. வட்டார ரயிலுக்கான டிக்கெட் இன்டர்சிட்டியில் செல்லாது என்றாலும், அவசரத்துக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம். கப்பலிலிருந்து துறைமுகத்தின் இலவசப் பேருந்து லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு. நடக்க விரும்புபவர்கள் கடற்கரையை ஒட்டி, 1508இல் கட்டடக்கலைஞர் பிரமாந்தே கட்டத் தொடங்கிய மிக்கெலாஞ்சலோ கோட்டையைக் கடந்து, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நடந்தால் போதும். ரயிலில் வலப்புறம் உட்கார்ந்தால் சாந்தா மரினெல்லாவையும் சாந்தா செவெராவையும் கடக்கும்போது கடல் தெரியும். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தில் இந்தக் காட்சி கிடைப்பதில்லை என்பதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

ரோமில் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். டெர்மினி பெரிய நிலையம், மெட்ரோவின் ஏ, பி தடங்கள் சேரும் இடம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தோம். மாலையில் திரும்பும்போது, ரயில் புறப்படப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில் நிலையத்துக்குள் நுழைந்தோம். அறிவிப்புப் பலகையில் எங்கள் ரயிலுக்கு நேரே 27 என்ற நடைமேடை எண் இருந்தது. சிவிட்டாவெக்கியா ரயில்கள் நிற்கும் அந்தக் கடைசி நடைமேடைகளுக்கு, மற்ற நடைமேடைகளையெல்லாம் தாண்டி, ஒரு நீண்ட நடைமேடையின் ஓரமாகவே சென்றாக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டு முறை நின்று நின்று நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் பின்விளக்குதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் அடுத்த ரயில் வந்தது, கப்பலேறும் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். ஒரு ரயில் தவறினாலும், ஏன், அடுத்ததும் தவறினாலும் சமாளிக்கும்படி நேரம் ஒதுக்கியிருந்ததால்தான் அந்த அரை மணி நேரம் பதற்றமில்லாமல் கழிந்தது.

டெர்மினிக்கு முன்பே வரும் இரண்டு நிலையங்கள் கப்பல் பயணிகளுக்கு அதைவிடப் பொருத்தமானவை. வாட்டிகன் மட்டும் பார்ப்பதாக இருந்தால் ரோமா சான் பியெத்ரோவில் இறங்க வேண்டும். நிலையத்திலிருந்தே புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் கண்ணில் படும், பத்துப் பதினைந்து நிமிட நடையில் சதுக்கத்தை அடைந்துவிடலாம். கொலோசியம் பக்கம் போகிறவர்கள் ஒஸ்தியென்சேயில் இறங்கி, அதை ஒட்டிய பிராமிதே நிலையத்தில் மெட்ரோ பி தடத்தைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கொலோசெயோ. ரயில், ரோம் மெட்ரோ, நகரப் பேருந்து மூன்றுக்கும் சேர்த்து 'பிர்க்' எனப்படும் ஒருநாள் டிக்கெட் கிடைக்கிறது. நள்ளிரவு வரை செல்லும் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகிறது.

லிவோர்னோவுக்கு வருவோம். இங்கே ஒரே துறைமுகத்துக்கு இரண்டு விடைகள் உள்ளன. சரக்குக் கப்பல்களும் சேரும் துறைமுகம் என்பதால் கப்பலடியிலிருந்து நடந்து வெளியேற அனுமதி இல்லை. முதலில் துறைமுகப் பேருந்தில் நகர மையத்துக்கும், பிறகு நகரப் பேருந்தில் லிவோர்னோ சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கும் போக வேண்டும். எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தால், ரயில் நிலையத்தில் கால் வைக்க ஒன்பதே கால், ஒன்பதரை ஆகிவிடும். அதன் பிறகு பீசாவுக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம், ஃப்ளோரன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி. இரண்டு ஊர்களுக்கும் பெரும்பாலும் அதே ரயில்தான் போகிறது. பீசாவில் நின்று, பொந்தெதெரா, எம்போலி வழியாக ஃப்ளோரன்ஸ் சேர்கிறது. பழைய லெயோபோல்தா ரயில் பாதை இது. லிவோர்னோ–பீசா பகுதி 1844இலும் ஃப்ளோரன்ஸ் வரையிலான முழுப் பாதை 1848இலும் திறக்கப்பட்டன.

ஒரே பாதைதான் என்றாலும், திரும்பி வரும் வழியில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பீசாவிலிருந்து லிவோர்னோவுக்கு வரும் ரயில்கள் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன: ஃப்ளோரன்ஸ் தடத்தில் சில, ஜெனோவா, லா ஸ்பெத்சியா பக்கமிருந்து கடற்கரைத் தடத்தில் சில. ஒரு தடத்தில் கோளாறு நேர்ந்தாலும் மற்றதில் வண்டி இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால்கூட, இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு டாக்ஸிக் கட்டணம் ஒரு குடும்பத்துக்குத் தாங்கக்கூடியதே. ஃப்ளோரன்ஸில் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அந்த நேரடித் தடம் தடைபட்டால், லூக்கா என்ற ஊர் வழியாகச் சுற்றி வரும் மெதுவான ரயிலோ 90 கிலோமீட்டர் சாலையோதான் மிஞ்சும். நெரிசலுக்குப் பெயர்போன அந்த ஃப்ளோரன்ஸ்–பீசா–லிவோர்னோ நெடுஞ்சாலையில் டாக்ஸியும் ஊர்ந்துதான் வரும். கப்பலின் பேருந்தும் அதே சாலையில்தான் வருகிறது. ஆனால் அதற்காகக் கப்பல் நிற்கும். நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்: பதினொரு மணிக்கு ஃப்ளோரன்ஸ் சேர்ந்து மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டுமென்றால், கையில் இருப்பது நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து தலைமைப் பேராலயத்துக்குப் பத்து நிமிட நடைதான் என்பதால் அந்த நான்கு மணி நேரத்தில் பார்க்க முடியாதென்று இல்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் எதையும் பார்க்க முடியாது. ஆகவே லிவோர்னோவில் என் தேர்வு, பீசாவுக்கு ரயில், ஃப்ளோரன்ஸுக்குக் கப்பலின் பேருந்து. பீசா சென்ட்ராலேயிலிருந்து சாய்ந்த கோபுரத்துக்குக் கோர்சோ இத்தாலியா கடைத்தெரு வழியே ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தால் அரை மணி நேரத்துக்குள் ஆகும். நடக்க இயலாதவர்கள் லூக்கா தடத்து ரயிலுக்கு மாறி, கோபுரத்துக்கு மிக அருகிலுள்ள சான் ரொஸ்ஸோரே நிலையத்தில் இறங்கலாம்.

நேப்பிள்ஸில் கப்பலிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் முனிச்சிப்பியோ மெட்ரோ நிலையம். இதைக் கட்டுவதற்காகத் தோண்டியபோதுதான் பழைய ரோமானியத் துறைமுகமும் அதில் மூழ்கிக் கிடந்த மரக்கலங்களும் வெளிப்பட்டன. அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி; அதற்குள்ளேயே அறிவிப்புப் பலகைகளைப் பின்பற்றிச் சென்றால் வெசூவியோ எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றும் சிர்க்கும்வெசுவியானா ரயில். பெட்டிகள் நெரிசலானவை, கோடையில் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், பணப்பையை முன்பக்கம் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். கரிபால்டிக்கு ஒரு நிறுத்தம் முன்னால், ரயில் புறப்படும் போர்த்தா நொலானாவிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு இந்தச் சிறு சுற்று பயன் தரும். திரும்பும்போது தடத்தின் மறுமுனையான சொரெந்தோவிலிருந்து ஏற்கெனவே நிறைந்து வரும் வண்டியில்தான் ஏற வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிரமம் இருந்தும் பொம்பெய்க்கு ரயிலில் போவதையே நான் பரிந்துரைப்பேன். பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி என்ற நிலையத்திலிருந்து வெளியே வந்தால் போர்த்தா மரினா நுழைவாயில் எதிரிலேயே இருக்கிறது. பெயரை முழுவதுமாகப் படித்து இறங்க வேண்டும், ஏனென்றால் பொம்பெய் சாந்துவாரியோ என்ற நிலையம் வேறு தடத்தில் உள்ளது. அரசு ரயிலுக்குத் தனியாக இன்னொரு பொம்பெய் நிலையமும் உண்டு. அந்த அரசு ரயில்தான் திரும்பி வருவதற்கான இரண்டாவது வழி. 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, டிக்கெட்டில் பெயரும் இருக்க வேண்டும். எனவே நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிவிடுவது நல்லது. கப்பல் நிற்பது ஆறேழு மணி நேரம்தான் என்றால், பொம்பெய்க்குப் பதிலாக, அதே எரிமலை புதைத்த இன்னொரு பழைய ஊரான எர்கொலானோவைத் தேர்ந்தெடுப்பேன். அதே ரயிலில் இருபது நிமிடம், பிறகு பத்து நிமிட இறக்க நடை. பரப்பில் சிறியது என்பதால் இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம், கி.பி. 79இன் வெடிப்பில் கருகிப்போன மரக்கதவுகளும் உத்தரங்களும் இங்கே இன்றும் நிற்கின்றன.

அந்த ரயிலின் கடைசி நிறுத்தமான சொரெந்தோ வரை செல்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கிருந்து வரும் அதிவேகப் படகுகள் மோலோ பெவெரெல்லோவில், அதாவது கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கரை சேர்கின்றன. போகும்போது ரயிலும் வரும்போது படகுமாகத் திட்டமிட்டால், ரயிலோ சாலையோ தடைபட்டாலும் கப்பல் கைநழுவாது.

லா ஸ்பெத்சியா துறைமுகத்திலிருந்து சின்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோர ஊர்களுக்குப் போவதற்கு ரயிலை விட்டால் சரியான வழி இல்லை. சாலைகள் குறுகலானவை, முதல் ஊரான ரியோமஜ்ஜோரே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். கொர்னீலியாவில் மட்டும் நிலையத்திலிருந்து ஊருக்கு 380 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்தில், 1869இல் தொடங்கிய பழைய ரயில் பாதையிலிருந்து வளர்ந்த பச்சைத் தடமும், 2022இல் அங்கு வரை நீட்டிக்கப்பட்ட மூன்றாம் தடமும் மொனஸ்திராக்கியில் சந்திக்கின்றன. ஒன்று நின்றாலும் மற்றொன்று இருப்பதால் அங்கே பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் செலவிடத் தேவையே இல்லை.

இத்தாலியில் எந்தத் துறைமுகமானாலும், பயணத்துக்கு முந்திய வாரம் 'ஷோப்பெரோ', அதாவது வேலைநிறுத்த அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது, ஆகவே தெரிந்துகொள்ள வழி உண்டு. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களின் குறைந்தபட்சச் சேவை உறுதி செய்யப்படுகிறது. இது உள்ளூர் ஊழியர்களுக்கு ஏற்ற நேரம். மாலை ஐந்தரைக்கோ ஆறரைக்கோ கப்பலில் இருக்க வேண்டிய பயணிக்கு ஏற்றதல்ல. காலையில் வண்டி ஓடுவதைப் பார்த்து நம்பிப் போனவர் மாலையில் சிக்கிக்கொள்வார். அன்றைய தினம் ரயிலை மறந்துவிட்டு, சிவிட்டாவெக்கியாவில்கூடக் கப்பலின் பேருந்தையே எடுக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போக வேண்டும், அந்தத் துறைமுகம் துருக்கியிலோ ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்கு வெளியே வேறெங்கோ இருந்தால், விமானத்தில் நுழைவதற்கான விசா நம்மிடம் இருக்க வேண்டும். பல கப்பல்களில் கடவுச்சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அடுத்த நிறுத்தம் அப்படிப்பட்ட நாடாக இருக்கும் நாளில், ரயிலில் போவதானால் பீசா, எர்கொலானோ போன்ற அருகிலுள்ள ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறோம். கடவுச்சீட்டின் நகல், விசாப் பக்கத்தின் நகல், கப்பலின் அன்றாட அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் மூன்றையும் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்வார்.