கவுண்டி ஃபெல் அணி: ஒரே தேர்வுப் பந்தயமா, பருவம் முழுவதும் பார்ப்பதா?

வட இங்கிலாந்தின் குன்றுகளில் புல், சேறு, பாறை என்று பாராமல் உச்சிக்கு ஏறி இறங்கும் பந்தயம்தான் ஃபெல் ஓட்டம். கவுண்டிகளுக்கு, அதாவது அங்குள்ள மாவட்டங்களுக்கு, இடையிலான போட்டி நெருங்கினால் எங்கள் தேர்வுக் குழுவில் ஒரு விவாதம் தவறாமல் எழும். தேர்வுப் பந்தயம் ஒன்றை வைத்து முன்னால் வருபவர்களை எடுப்பதா, பருவத்தின் பல பந்தய முடிவுகளைப் பார்த்து எடுப்பதா? இந்த முறை இரண்டாவது வழியில் போனோம். அதுவே சரி என்பது என் உறுதியான கருத்து.

தேர்வுப் பந்தயத்தின் நன்மை வெளிப்படையானது. ஒரே தடம், ஒரே வானிலை. முடிவு வந்தபின் யாரும் வாதாட முடியாது. அன்று காய்ச்சலில் படுத்தவருக்கு வாய்ப்புப் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

என் மனத்தை முடிவு செய்ய வைத்தது அணிக் கணக்கு. ஓட்டக்காரர்கள் பிடித்த இடங்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை கொண்ட அணிக்கு வெற்றி தருகிறார்கள். ஆறு பேர் ஓடி, நால்வரின் இடங்கள் சேர்வதாக வைத்துக்கொள்வோம். நம் முதல் ஆள் நான்காம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு முன்னேறினால் லாபம் இரண்டு. நான்காம் ஆள் 61-ஆம் இடத்துக்குப் பதில் 38-ஆம் இடத்தில் வந்தால் லாபம் 23. நடுக்கூட்டத்தில் அரை நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்வார்கள். அங்கே ஒரு சறுக்கல் போதும், அணியே கீழே இறங்கிவிடும். ஆகவே நாம் தேட வேண்டியவர் எந்த வானிலையிலும் சரியாமல் ஓடும் அந்த நான்காம் ஆள். நட்சத்திர ஓட்டக்காரரை எந்த முறையும் கண்டுபிடித்துவிடும். இவரை ஒரு நாள் ஓட்டம் காட்டிக்கொடுக்காது.

இறக்கம்தான் இதற்குச் சான்று. காய்ந்த நாளில் ஏற்றத்தில் வலுவானவர்கள் எல்லோரும் நன்றாகவே தெரிவார்கள். மழை பெய்த மறுநாள் கடைசிச் சரிவின் அடியில் நின்று பார்க்க வேண்டும். நனைந்த பெரணிச் செடிகளுக்கு நடுவே, உச்சியை முன்னதாகத் தொட்டவர் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னுக்குச் சாய்த்துத் தயங்கித் தயங்கி வருவார். அவருக்குப் பின்னால் ஏறியவர்களோ முன்னுக்குச் சாய்ந்து, குறுகிய வேக அடிகளில் அவரைத் தாண்டிப் பாய்ந்துவிடுவார்கள்.

ஆனால் பருவக் கணக்கில் எல்லாப் பந்தயங்களையும் சேர்க்கக் கூடாது. ஸ்கேஃபல் பைக், கிரேட் கேபிள், டேல் ஹெட் ஆகிய மூன்று சிகரங்களையும் தொட்டு வரும் பாரோடேல் பந்தயம் சுமார் 27 கி.மீ. அங்கே வெல்வது தாக்குப்பிடிக்கும் திறனும் மூடுபனியில் வழி காணும் அறிவும். குறுகிய கவுண்டிப் போட்டிக்கு அது அளவுகோல் ஆகாது. ஃபெல் ஓட்டக்காரர் சங்கத்தின் வகைப்பாட்டில் ‘ஏ’ வகைக்குக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம் வேண்டும், 10 கி.மீ.க்கு உட்பட்டது குறுந்தூரம். போட்டித் தடம் எந்த வகையோ அதே வகையில் ஐந்து பந்தயங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து, அவற்றில் சிறந்த மூன்றைக் கணக்கில் கொண்டோம். முன்கூட்டி அறிவிப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் தேர்வாளர் தம் கிளப் ஆட்களுக்கு ஏற்பப் பட்டியல் போட்டார் என்ற பேச்சு வரும், அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

வேலை கூடுதல்தான். ஒரு பந்தயத்தில் வந்த ஏழாம் இடமும் இன்னொன்றில் வந்த இருபதாம் இடமும் சமமாக இருக்கலாம். இரண்டிலும் ஓடிய பொதுவானவர்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும். வென்றவரின் நேரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

இளையோர் அணிகளுக்கு இதே வழி பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் கவனித்தது பெரியவர் அணியை மட்டுமே. வளரும் பிள்ளைகள் சில மாதங்களில் ஆளே மாறிவிடுவார்கள், அவர்களை அதிகப் பந்தயங்களில் ஓடவிடவும் கூடாது. அங்கே ஒரே தேர்வுப் பந்தயம் மேலாக இருக்கலாம்.

பெரியவர் அணியிலும் ஆறாவது இடத்தைக் கடைசி வாரம்வரை காலியாக வைத்திருந்தோம். காயத்திலிருந்து தாமதமாக மீண்டு வருபவருக்கு அது போதும்.