தோட்டத்து மைதானத்தில் இலவசக் கரப்பந்தாட்டப் பயிற்சி: பிள்ளையை அனுப்பலாமா?

மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காசு வாங்காமல் நடத்தும் பயிற்சி இது. தாராளமாக அனுப்பலாம்.

போனவுடன் பந்து கிடைக்காது. மலைக்குளிரில் தசை இறுகியிருக்கும். கால்மணி நேரம் ஓடி, கணுக்காலும் தோளும் சூடேறிய பிறகுதான் பந்து. புதுப்பிள்ளைகள் எதிரே வரும் பந்தை எடுக்கும்போது கையை வீசுவார்கள், பந்து பின்னால் பறக்கும். சேர் அங்கேயே நிறுத்தி முழங்காலை மடக்க வைக்கிறார். பந்தைத் தூக்குவது காலின் விசை, கை வெறும் பலகை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே பட வேண்டும். பெருவிரலில் பட்டால் வீங்கும்.

பெரியவர்கள் ஆட்டத்தில் வலை பெண்களுக்கு 2.24 மீற்றர், ஆண்களுக்கு 2.43. சின்னவர்களுக்கு அதைத் தாழ்த்திக் கட்டுகிறார். மிகச் சரி. எட்டாத வலைக்கு மேல் அடிக்கப் பார்த்தே பல தோள்கள் கெடுகின்றன. குதித்தால் இரு காலிலும் இறங்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதே இல்லை, முழங்கால் தப்புவது அதனால்தான்.

குறையும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை மழை, தரை சேறு. 260 முதல் 280 கிராம் இருக்க வேண்டிய பந்து ஈரம் குடித்துக் கனத்து மணிக்கட்டை நோகடிக்கும். மாற்றுப்பந்து இல்லை. விளக்கும் இல்லை, பனிமூட்டம் இறங்கினால் ஆட்டம் முடிந்தது. எல்லாமே ஒரே மனிதரின் தோளில். மூத்த பிள்ளைகள் இருவரை இப்போதே பழக்கிவிட வேண்டும்.

துவாய், மாற்றுச் சட்டை, அட்டைக்கடிக்குச் சவர்க்காரத் துண்டு கொடுத்தனுப்புங்கள். சேருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள்.